கலகாரி போகிற வண்டிக்கு எந்த டயர், எவ்வளவு காற்று, என்னென்ன சாமான்

தென்னாப்பிரிக்காவில், ஜொஹானஸ்பர்க் பக்கம் இருக்கும் மிட்ராண்டிலிருந்தோ ஃபோர்வேஸிலிருந்தோ யாராவது போன் போட்டு, “அண்ணே, ஜூலை லீவுல கலகாரி வர்றோம். வண்டிக்கு என்னென்ன வாங்கணும்?” என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது, “உங்க ஸ்டெப்னிக்கு வயசு என்ன?” பெரும்பாலும் பதில் வராது. கூரை மேல் விரிக்கும் கூடாரத்துக்கு விலை விசாரித்திருப்பார்கள், எல்.இ.டி. விளக்குப் பட்டைக்கு ஆர்டர் போட்டிருப்பார்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஐந்தாவது டயரை மட்டும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் கலகாரிப் பாலைவனத்தின் ஓரத்தில், அப்பிங்டன் பக்கம் ஒரு சோலார் பிளாண்டில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் உடன்குடி. தேரிக்காட்டில் சைக்கிளை மிதிக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போய் வளர்ந்தவனுக்குக் கலகாரி மணல் ஒன்றும் புதிதில்லை. அதே சிவப்பு, அதே புதைவு. பிளாண்டில் ஓடும் பக்கிகளுக்கு (பிக்கப் வண்டியை இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்) டயர் வாங்குவதும் கணக்கு வைப்பதும் என் தலையில் விழுந்த வேலை. அதனால் நான் சொல்வதெல்லாம் விளம்பரப் படத்தில் வரும் மணல்மேட்டுச் சாகசத்துக்கு உதவாது. குடும்பத்தோடு போய், முழுசாகத் திரும்பி வருவதற்கு உதவும்.

ரோடு என்ன ரோடு என்று பாருங்கள்

“பாலைவனத்துக்குப் போறோம்” என்றதும் எல்லோர் கண்ணுக்கும் மணல்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜொஹானஸ்பர்க்கிலிருந்து என்14-இல் ஃப்ரைபர்க், குருமான் வழியாக அப்பிங்டனுக்கு 800 கிலோமீட்டர், அத்தனையும் தார் ரோடு. அங்கிருந்து கலகாடி பார்க்கின் (கலகாரியில் இருக்கும் வனவிலங்குப் பூங்கா) ட்வீ ரிவிரன் கேட் வரை இன்னும் 250, அதுவும் இப்போது தார்தான். கலகாடி பார்க்குக்குள்ளே நொசோப், ஆவோப் என்ற இரண்டு வறண்ட ஆற்றுப் படுகைகளை ஒட்டிப் போகும் ரோடுகள் சரளையும் மணலும் கலந்தவை, வரிவரியாக மேடு விழுந்தவை. நிஜமான மணல்மேடு ஏறி இறங்குவது பிட்டர்பான் போன்ற தங்குமிடங்களுக்கும் நொசோப் 4x4 தடத்துக்கும் போகிறவர்களுக்கு மட்டுமே.

கல்லுக்கு வேறு ஊர் இருக்கிறது. செரஸிலிருந்து கால்வினியா போகும் ஆர்355, டாங்க்வா கரூ என்ற வறண்ட வெளிக்கு நடுவில் 250 கிலோமீட்டர், இடையில் ஒரு ஊர் கிடையாது. ரோட்டில் கிடப்பது பிளேடு முனையோடு உடைந்த பலகைக்கல். டயர் கிழிவதற்கே பேர்போன ரோடு அது. ரிக்டர்ஸ்வெல்ட் மலைப்பகுதியில் ஆரஞ்சு ஆற்றங்கரையை நோக்கி மலைக்கணவாய் வழியாக இறங்கினால் இன்னும் பெரிய கல். ஆக, டயர் வாங்கும்போது மணலைப் பற்றி அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. மணலைக் காற்றைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். கல்லையும் முள்ளையும் சமாளிக்க டயரே கெட்டியாக இருக்க வேண்டும்.

டயர்

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். ஹெச்.டி. என்பது தார் ரோட்டுக்கானது. புது வண்டிகள் பலவும் அதோடுதான் வருகின்றன. பக்கச்சுவர் மெல்லிசு. எம்.டி. என்பது சேற்றுக்கானது, தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் பெரிசு பெரிசாக இருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், தார் ரோட்டில் காது வலிக்கும், ஈரத்தில் பிரேக் பிடிக்காது, மணலில் உருளாமல் தோண்டும். கலகாரியில் சேறு எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏ.டி. போதும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஏ.டி. என்று பக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஒரே பெயரில் இரண்டு தரத்தில் வரும். அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 265/65ஆர்17 112 என்று இருந்தால் அது சாதாரணக் கட்டுமானம். 112 என்ற எண்ணுக்கு ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று அர்த்தம். எல்.டி.265/70ஆர்17 121/118 என்று இருந்தால் லாரி வகைக் கட்டுமானம். 121-க்கு 1,450 கிலோ. உங்கள் வண்டிக்கு 1,120 கிலோவே தாராளம். எல்.டி.யில் எடைத் தாங்கலுக்காகப் பணம் கொடுப்பதில்லை, கெட்டியான உடம்புக்காகக் கொடுக்கிறோம். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 போன்றவற்றில் பக்கச்சுவர் மூன்று அடுக்கு. வேலமுள் குத்துவதும் கல் கிழிப்பதும் பக்கச்சுவரில்தான். அங்கே கிழிந்த டயரை எந்தக் கடைக்காரரும் முறையாக ஒட்டித் தர மாட்டார்.

எல்.டி.க்குச் செலவும் உண்டு. எடை அதிகம், டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஊருக்குள் ஓட்டும்போது முதுகு சொல்லும். அதே சுமைக்குச் சாதாரண டயரைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்றும் கேட்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கலகாடி பார்க்கின் முக்கிய ரோடுகளில் மட்டும் போய்ச் சிங்கம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு நல்ல பிராண்டில் சாதாரண ஏ.டி.யே போதும். டாங்க்வா, ரிக்டர்ஸ்வெல்ட் என்று ஆசை இருப்பவர்கள் எல்.டி. வாங்குங்கள்.

அடுத்தது அளவு. இதில் அழகுணர்ச்சி நம்மைக் கெடுக்கிறது. 265/65ஆர்17 டயரின் பக்கச்சுவர் உயரம் 172 மில்லிமீட்டர். டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் விலை கூடின மாடலில் வரும் 265/60ஆர்18-இல் 159. இப்போது சில வண்டிகள் 255/55ஆர்20 மாட்டி வருகின்றன, அதில் 140தான். காற்றைக் குறைத்தால் மடிந்து கொடுக்க வேண்டியது இந்த உயரம்தான். அது இல்லாவிட்டால் கல்லில் இடிக்கும்போது ரிம் நேராக அடி வாங்கும். 20 அங்குல ரிம்மோடு வண்டி வாங்கிவிட்டீர்கள் என்றால், அதே மாடலின் சின்ன ரிம் ஒரு செட் பழசில் தேடிப் பிடியுங்கள். பிரேக் காலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

17 அங்குலத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஹைலக்ஸ் டர்பனில், ப்ராஸ்பெக்டனில் தயாராகிறது. ஃபோர்டு ரேஞ்சர் பிரிட்டோரியாவில், சில்வர்டனில். நாடு முழுக்க ஓடுவது இந்த இரண்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவற்றின் சாதாரண மாடல் அளவு எதுவோ அது குருமானிலும் கிடைக்கும், அப்பிங்டனிலும் கிடைக்கும். 20 அங்குல டயர் கிழிந்தால் கேப் டவுனிலிருந்து கூரியரில் வரும்வரை லாட்ஜில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிராண்டுக்காக யாரோடும் நான் சண்டைக்குப் போவதில்லை. ஜெனரல் கிராபர், கூப்பர், டன்லப் கிராண்ட்ட்ரெக் எல்லாம் இங்கே நன்றாக ஓடுகின்றன. டன்லப்புக்கு லேடிஸ்மித்தில் தொழிற்சாலையே இருக்கிறது. நடுவில் சில வருஷம் அது நம்ம அப்போலோ டயர்ஸ் கையில் இருந்து, 2013-இல் சுமிட்டோமோவுக்குப் போனது. எதை வாங்கினாலும் ஐந்தையும் ஒரே மாதிரி வாங்குங்கள். நாலு புதுசு, ஸ்டெப்னி மட்டும் பழைய ஹெச்.டி. என்றால் அது கணக்கில் சேராது.

டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. அஞ்சாறு வருஷம் தாண்டின டயரை, கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், நான் இந்தப் பக்கம் ஓட்ட மாட்டேன். வெயிலில் ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். சட்டப்படி கட்டை உயரம் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். போலீஸ்காரருக்கு அது போதும், ஆர்355-க்குப் போதாது. பாதிக்கு மேல் தேய்ந்த டயரில் முள் இறங்குவது சுலபம்.

காற்று

பணம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இரண்டு சாமான் வாங்குங்கள்: ரப்பர் குழாய் வைத்த நல்ல பிரஷர் கேஜ் ஒன்று, காம்ப்ரஸர் ஒன்று. பெட்ரோல் பங்க்கில் தொங்கும் கேஜை நம்பாதீர்கள். இங்கே அளவெல்லாம் பாரில் சொல்வார்கள், ஊரில் பி.எஸ்.ஐ. பழகினவர்கள் 14.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் பதியும் தடம் நீளமாகும், அதுதான் வேலை செய்கிறது. வண்டி எடை அதிக இடத்தில் பரவுவதால் புதைவு குறைகிறது. சரளையில் குறைப்பதற்குக் காரணம் வேறு. காற்று இறுகிய டயரில் கூர்க்கல் மோதினால் கிழிக்கும்; கொஞ்சம் தளர்ந்த டயர் அதை உள்வாங்கிக்கொண்டு போய்விடும். வரிமேட்டு ரோட்டில் ஷாக் அப்சார்பர் கொதித்து எண்ணெய் கக்குவதும் குறையும்.

நான் வைக்கும் அளவு இது. நாலு பேர், சாமான் ஏற்றின டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்) பக்கிக்குத் தாரில் கதவோரத் தாளில் போட்டிருப்பதுதான். சுமை ஏறினால் பின்னால் கூடுதல் என்று அதிலேயே இருக்கும். சரளைக்கு இறங்கியதும் முன்னால் 1.6, பின்னால் 1.8. மணல் தடத்துக்கு 1.2 முதல் 1.4. மேடு ஏறவே மாட்டேன் என்று வண்டி அடம்பிடித்தால் 1.0. மாட்டிக்கொண்டு வெளியே வர 0.8, அதுவும் நடை வேகத்தில், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல். இந்த அளவில் ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணல் தடம் முடிந்ததும் திரும்ப ஏற்றுங்கள். காற்றுக் குறைந்த டயரில் தார் ரோட்டில் வேகம் போனால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். கலகாடி பார்க்குக்குள் வேக வரம்பே 50தான் என்பதால் அங்கே குறைந்த காற்று பாதுகாப்பானது.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஜூலை மாதம் விடியற்காலை இங்கே பூஜ்ஜியம் டிகிரிக்குப் போகும், மதியம் 25. காலையில் 1.8 வைத்த டயர், வண்டி ஓடாமல் நின்றாலே மதியத்தில் 2-ஐத் தாண்டிவிடும். ஓட்டினால் இன்னும் ஏறும். சூடான டயரைப் பார்த்து “அளவு கூடிப்போச்சே” என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை 1.5-இல் நிற்பீர்கள். காலையில், வண்டி நகருவதற்கு முன்னால் அளப்பது மட்டுமே கணக்கு. மணல் மேட்டையும் அதே காலையில் ஏறிவிடுங்கள். இரவுக் குளிரில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், மதியத்தில் மாவாகிவிடும்.

காம்ப்ரஸர் வாங்கும்போது சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதை விட்டுவிடுங்கள். அந்தப் பொம்மை ஒரு டயருக்கே திணறும், இல்லாவிட்டால் ஃபியூஸைக் கொண்டுபோகும். பேட்டரியில் நேராகக் கவ்வும் வகை வாங்குங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது போடுங்கள், இரண்டு டயருக்கு ஒரு தடவை ஆறவிடுங்கள். வால்வில் திருகிவைத்து, டயரில் எவ்வளவு காற்று என்று டிரைவருக்குக் காட்டும் டி.பி.எம்.எஸ். சென்சாரும் நல்ல செலவுதான். மணலில் ஓடும்போது டயர் மெல்ல இறங்குவது கைக்குத் தெரியவே தெரியாது. தெரியும் நேரத்தில் பக்கச்சுவர் நாராகியிருக்கும்.

பஞ்சர்

எங்கள் பிளாண்ட் வொர்க்‌ஷாப்பில் டயர் பார்ப்பவர் டர்பன் சாட்ஸ்வொர்த்காரர். மூதாதையர் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் என்றால் கோயில் பாட்டும் “தம்பி, அண்ணா”வும் மட்டும்தான், மீதியெல்லாம் ஆங்கிலம். அவர் பஞ்சர் போடுவதைப் பார்த்தால் அவசரமே இருக்காது. முள்ளைப் பிடுங்குவதற்கு முன்னால் அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பார். அரம் போட்ட ஊசியை அதே சாய்வில்தான் விடுவார். நேராகக் குத்தினால் உள்ளே இரண்டாவது ஓட்டை விழும் என்பார். ஊசியை நாலைந்து தடவை முறுக்கி உள்ளும் வெளியும் இழுத்து வழி பண்ணுவார். காதுள்ள ஊசியில் பிசின் திரியைக் கோத்து, பசை தடவி, இரண்டு முனையும் வெளியே அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கும்வரை அழுத்துவார். அப்புறம் ஒரே இழுப்பு. ஊசி வரும், திரி நிற்கும். நீட்டிக்கொண்டிருப்பதைக் கட்டை மட்டத்துக்கு வெட்டி, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்.

இதை வீட்டில், பழைய டயர் ஒன்றில் ஆணி அடித்துப் பழகிவிட்டு வாருங்கள். கிட் விலை அதிகமில்லை, ஆனால் மலிவான கிட்டில் ஊசிக் கைப்பிடி பிளாஸ்டிக்காக இருக்கும். அது கையோடு வந்துவிடும். இரும்பில் டி வடிவக் கைப்பிடி வைத்ததை வாங்குங்கள். பக்கச்சுவர் ஓட்டைக்கும் இரண்டு மூன்று திரி திணித்து மெதுவாக உருட்டிக்கொண்டு வரலாம். அது அடுத்த ஊர்வரைக்கும் மட்டும்.

கலகாடிக்கு ஒரு ஸ்டெப்னியும் கிட்டும் போதும். டாங்க்வா, ரிக்டர்ஸ்வெல்ட் என்றால் இரண்டு ஸ்டெப்னி. பக்கிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னியை வீட்டு வாசலிலேயே ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். புழுதி இறுகி, சங்கிலியை இறக்கி ஏற்றும் விஞ்ச் சுற்றாமல் நிற்பது சகஜம். பூட்டு நட்டுக்கான சாவி எங்கே என்றும் அப்போதே தெரிந்துவிடும். ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு முழம் சதுரத்தில் கனமான பிளைவுட் பலகை கட்டாயம். இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்தான் மணலுக்குள் இறங்கும். ஹை-லிஃப்ட் ஜாக்கைப் பழகாமல் தொடாதீர்கள். அதன் கைப்பிடி தாடையில் அடிக்கும். தவிர, புது வண்டிகளின் பிளாஸ்டிக் பம்பரில் அதை மாட்ட இடமே கிடையாது.

இழுக்கவும் தோண்டவும்

நீளக் கைப்பிடி மண்வெட்டி ஒன்று, சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் மணல் தட்டு ஒரு ஜோடி. தனி வண்டியாக வரும் குடும்பத்துக்கு மாட்டினால் மீள இதுவே பெரிய பலம். சக்கரம் சுழல ஆரம்பித்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். இறங்கி, காற்றைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலை வாரி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே வெளியே வந்துவிடுவார்கள். பிடிவாதமாக மிதிப்பவர்களுக்குத்தான் தட்டும் மண்வெட்டியும்.

கூட இன்னொரு வண்டி இருந்தால் இழுவைப் பட்டை வேண்டும். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிரெய்லர் மாட்டும் அந்த உருண்டைக் கொக்கியில் இழுவைப் பட்டையை மாட்டாதீர்கள். அது நிதானமாக டிரெய்லர் இழுப்பதற்குச் செய்தது, திடீர் இழுப்புக்கு இல்லை. முறிந்தால் பின்வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். இதில் ஆள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் போல்ட் போட்ட மீட்புக் கொக்கி, 4.75 டன் என்று முத்திரை குத்தின ஷேக்கிள் (கொக்கியையும் பட்டையையும் இணைக்கும் இரும்பு வளையம்), பட்டைக்கு நடுவில் போர்த்த ஒரு கனத்த போர்வை, குழந்தைகள் தூரமாக. இது நாலும் இல்லாவிட்டால் இழுக்கவே வேண்டாம், தோண்டுங்கள்.

வண்டியையே கயிறு கட்டி இழுக்கும் விஞ்ச்? கலகாரியில் அதைக் கட்டுவதற்கு மரமே அபூர்வம், இருக்கும் ஒட்டகமுள் மரம் பாதுகாக்கப்பட்டது. அந்தப் பணத்தில் இன்னொரு ரிம்மும் டயரும் வாங்கலாம்.

பழகுவதற்கு டர்பன்காரர்கள் கடற்கரைக்குப் போக முடியாது. கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு 2002 தொடங்கி நாடு முழுக்கத் தடை இருக்கிறது. கேப் டவுன்காரர்களுக்கு அட்லாண்டிஸ் மணல்மேடு உண்டு, மாநகராட்சியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். மேட்டில் ஓட்டுகிறவர்கள் உயரமான கம்பில் ஒரு கொடி கட்டிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் ஏறி வருபவருக்கு உங்கள் வண்டிக்கு முன்னால் கொடிதான் தெரியும்.

புல்லைப் பற்றி யாரும் சொல்வதில்லை

மழை நன்றாகப் பெய்த வருஷத்தில், தடத்துக்கு நடுவில் இடுப்பளவுப் புல் காய்ந்து நிற்கும். அதன் விதைகள் ரேடியேட்டர் இடுக்கில் போய் அடைந்து எஞ்சின் சூடேறும். முன்னால் கட்டும் விதை வலை ஒன்று வாங்குங்கள், சன்னமான ஜன்னல் வலையையும் கட்டலாம். அதைவிடப் பயப்பட வேண்டியது அடியில். காய்ந்த புல் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் கியர்பாக்ஸ் தட்டுக்கும் நடுவில் கட்டுக்கட்டாகச் சேரும். புது டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் குழாய் கொதிக்கும். வண்டி மொத்தமாக எரிவது இப்படித்தான். மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, தோல் கையுறை போட்டுக்கொண்டு, வளைந்த கம்பியால் அடியிலிருந்து புல்லை இழுத்துப் போடுங்கள். புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தீயணைப்பான் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கட்டும், பின்னால் சாமானுக்கு அடியில் இருந்து பிரயோஜனம் இல்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், அதற்கு மேல் வண்டிக்கு. டீசல் மணலில் ஒன்றரைப் பங்கு, சில நேரம் இரண்டு பங்கும் போகும். பார்க்குக்குள் மூன்று பெரிய கேம்ப்களிலும் பங்க் உண்டு, ஆனாலும் டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுவது நல்லது. ட்வீ ரிவிரனைத் தாண்டினால் செல்போனுக்குப் பெரும்பாலும் சிக்னல் இல்லை, சாட்டிலைட் கருவி வாடகைக்குக் கிடைக்கும். ஃபிரிட்ஜ் சுகத்துக்குத்தான், இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஊறுகாய் இருக்கிறது. கூரை மேல் கனமானதை ஏற்றாதீர்கள், மணல்மேட்டில் குறுக்காகச் சாயும்போது கவிழ்க்கும்.

திரும்பி வரும்போது ட்வீ ரிவிரனில் தார் தொடங்கும் இடத்திலேயே காற்றை ஏற்றிவிடுங்கள். வீல் நட்டெல்லாம் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், வரிமேடு அவற்றை நெகிழ்த்தியிருக்கும். திரி போட்ட டயர் இருந்தால் அப்பிங்டனில் கழற்றி உள்பக்கம் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் திரியோடு 800 கிலோமீட்டர் 120-இல் போக வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் இங்கே டயர் கடை திறந்திருக்கும் என்று நம்பி வராதீர்கள்; வெள்ளிக்கிழமையே வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள்.